ஜெசிந்தா அக்காவும் நாலாவது வரியும்

ராயப்பன் அண்ணன் எனக்குப் போன் செய்கிற ஆள் இல்லை. பதினோரு வருடப் பழக்கத்தில் அவருடைய எண் என் திரையில் வந்தது மூன்றே முறை. மூன்று முறையும் அக்காவின் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கொற்கைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில், அப்பா வீட்டு முற்றத்தில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அந்த எண் மறுபடி வந்தது. எடுத்தேன். அவருக்குப் பின்னால் மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு அடி. அடிப்பவருக்குக் கை ஓய்ந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு இடைவெளி. பிறகு இன்னொரு அடி. தூத்துக்குடியில் கடற்கரைத் தெருவில் பதினோரு வருடம் குடியிருந்தவளுக்கு அந்த மணியின் அர்த்தத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"கனி," என்றார் கடைசியில். "அவ ஒண்ணு சொல்லி வச்சிருக்கா. நீ அடக்கத்துக்கு வரணும். வாசல்ல நிக்கக் கூடாதாம். கல்லறைக்கு உள்ள வந்து கடைசி வரைக்கும் நிக்கணுமாம்."

கையிலிருந்த ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தால் என்று எழுதினால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி பயம். ஜெசிந்தா அக்காவின் சாவை, பதினோரு வருடத்துக்கு முன்னால், அவள் பெயரைச் சொல்லி, என் வாயாலேயே அவளுக்குக் கொடுத்தேன் என்று நான் நம்பியிருந்தேன். அது எப்போது வந்து கேட்கும் என்று பார்த்துக்கொண்டே இத்தனை வருடமும் அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வரப்போகிற உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். பழைய துறைமுகத்துக்கு எதிரே எங்கள் சரக்கு கிளியரிங் அலுவலகத்தில் கால் நூற்றாண்டு காலம் காகிதங்களில் முத்திரை குத்தியவள். மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல் ராயப்பனின் மனைவி. பாடற்குழுவில் பின்வரிசையில் நின்று, முன்வரிசைக்காரர்கள் சுருதி விட்டால் முதுகில் இடித்தவள். ஆனால் நான் சொல்லப்போகும் பாட்டு விவகாரம் எங்கள் இரண்டு பேருக்குள் இருந்தது. அதை எழுத உட்கார்ந்து, மரியாதையாக 'அவர், இவர்' என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய பணி ஓய்வு விழாவில் படிக்கிற தாள் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். அவள் எனக்கு அவள்தான். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தூத்துக்குடிக்கு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஊர் ஏக்கம் என்றால் சிரிப்பார்கள். ஜெசிந்தா அக்காவும் முதலில் சிரித்தாள். "துபாய்க்குப் போனவன்லாம் சும்மா இருக்கான். ஏரல் பஸ்ஸப் பாத்து நீ அழுதியாளா?" என்றாள். உண்மைதான். எங்கள் ஊர் வழியாகப் போகும் ஏரல் பஸ் மாலை ஐந்தரைக்கு அலுவலக ஜன்னலைத் தாண்டும். நான் அதன் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அத்தை மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்தவள் நான். "போறதுன்னா போ. போனா இந்த வாசலை மிதிக்காதே" என்றார் அப்பா. "நீங்க கூப்பிடாம நான் வரவே மாட்டேன்" என்றேன் நான். அப்பாவும் மகளும் ஒரே அச்சு. தூரத்து ஊருக்கு ஏங்குவதைவிட, ஏறினால் போய்விடக்கூடிய ஊருக்கு ஏங்குவது மோசம் என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்குக் கிடைத்த அறை, சின்னக் கோயிலுக்குப் பின்புறம் ஒரு மாடியில். பகலெல்லாம் உப்பு லாரி, கண்டெய்னர் லாரி. சுவரில் கை வைத்தால் அதிரும். ஊரில் அந்நேரம் மடையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே சத்தம் நின்றால் காது வலித்தது. வந்து நாலைந்து நாளில், சாயங்காலம் ஆறரை மணிக்கு, கீழே கோயில் கூடத்திலிருந்து வாத்திய இசை கேட்டது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். பேண்டு வாசிக்கிறவர்கள் ஆறு பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கிளாரினெட்டோடு சூசை அண்ணாச்சி.

திருவிழாப் பாட்டு, கல்யாணப் பாட்டு எல்லாம் வாசிப்பார்கள். கடைசியாக ஒரு மெட்டு. அதற்காகத்தான் நான் வேலை முடிந்ததும் ஓட்டமாக அறைக்கு வருவேன். முதல் வரி மெதுவாக ஏறும். இரண்டாவது வரி ஏறின இடத்திலேயே நின்று சுற்றும். மூன்றாவது வரி இன்னும் கொஞ்சம் மேலே போய், விளிம்புக்கு வந்து நின்றுவிடும். அவ்வளவுதான். அதற்கு மேல் வாசிக்க மாட்டார்கள். சூசை அண்ணாச்சி கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஊதாமலே அவர் விரல்கள் கொஞ்ச நேரம் கட்டைகளின் மேல் ஓடும். மற்றவர்கள் தலை குனிந்திருப்பார்கள். பிறகு எழுந்து, வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டு, பேச்சில்லாமல் போய்விடுவார்கள். அவர் கட்டைகளைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மெட்டு என்னைத் தேற்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என்னுடைய பட்டன் போனில் அதைப் பதிந்துகொண்டேன். காதில் மாட்டிக்கொண்டு படுத்தால்தான் தூக்கம் வந்தது. ஒரே குறை, அது முடியாமல் நிற்பது. வருகிற தும்மல் வராமல் போன மாதிரி இருக்கும். அதனால் நானே முடித்துவைத்தேன். மூன்றாவது வரி நின்ற இடத்திலிருந்து மெல்ல இறக்கி, தொடங்கின சுரத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விட்டேன். நன்றாகப் பொருந்தியது. பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு புதன்கிழமை மதியம் அலுவலகத்தில் சரக்குப் பட்டியல் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், கோழித் தீவனம் என்று விரல் ஓடிக்கொண்டிருந்தது. வாய் தன்பாட்டுக்கு அந்த மெட்டை முணுமுணுத்தது. மூன்று வரியும் போய், என் நாலாவது வரியும் போய், இறக்கி முடித்தபோது, பக்கத்து மேசையில் முத்திரை விழும் சத்தம் நின்றிருந்தது.

"ஏளா," என்றாள் ஜெசிந்தா அக்கா. "யாரு செத்தது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கன கேட்ட இதை?"

"கோயிலுக்குப் பொறத்தால பேண்டுக்காரங்க தெனமும் வாசிக்காங்களேக்கா. நல்லாருக்குல்லா?"

"அவங்க மூணு வரிதான் வாசிப்பாங்க. நாலாவதை எங்கன கேட்ட?"

"நாலாவதை அவங்க வாசிக்கலக்கா. நான்தான் முடிச்சேன்."

அவள் முத்திரையை மைப்பெட்டியில் வைத்து மூடியை அழுத்தினாள். "முடிச்சியா? நீ அதை முடிச்சியா?" என்றாள். அலுவலகத்தில் இருந்த மற்ற இரண்டு பேரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

அது அடக்கத்துக்கு வாசிக்கிற மெட்டு. பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பும்போது முதல் வரி. வழி நெடுக மூன்று வரிகள். நாலாவது வரி, பெட்டியைக் குழியில் இறக்கும்போது மட்டும், ஒரே ஒரு தடவை. பழகும்போதுகூட அதற்குக் காற்று கொடுக்க மாட்டார்கள். விரலால் மட்டும் பழகுவார்கள். சூசை அண்ணாச்சியின் விரல்கள் மடியில் ஓடியது அதற்காக. கடலில் ஆள் இருக்கும் வீட்டுப் பெண்கள் அந்த மூன்று வரியைக்கூட வாயால் பாட மாட்டார்கள். இதெல்லாம் அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆற்றுப் பாசனத்து ஊரிலிருந்து வந்த எனக்கு யார் சொன்னார்கள்? நான் அதைத் தாலாட்டு மாதிரி காதில் மாட்டிக்கொண்டு தூங்கியிருந்தேன்.

ராயப்பன் அண்ணனின் தோணி அந்தத் திங்கட்கிழமைதான் மாலத்தீவுக்குக் கிளம்பியிருந்தது. பருவம் மூடுவதற்கு முன் கடைசி நடை.

"தெரியாமப் பாடிட்டேன்க்கா," என்றேன். அழுதுவிட்டேன்.

"தெரிஞ்சா பாடியிருப்ப?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஆளில்லாம முடிச்ச பாட்டு சும்மா போவாதுளா. ஆளைத் தேடும்." அதன்பின் மூடியைத் திறந்து மறுபடி முத்திரை குத்த ஆரம்பித்தாள்.

தோணி நாலு நாளில் மாலே சேர வேண்டும். சேர்ந்ததும் அங்குள்ள ஏஜென்ட் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்வார். வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. சனிக்கிழமை மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியது. தெரு மண்ணையும் உப்பளத்துப் பொடியையும் அள்ளிக்கொண்டு வந்து மேசையில் கொட்டியது. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் மண். போன் அடிக்கும்போதெல்லாம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. ஜெசிந்தா அக்கா அந்த நாட்களில் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. காகிதத்தை வாங்குவாள், படிப்பாள், குத்துவாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் திரும்ப எடுத்துப் போவாள். என்னிடம் வேலைக்கு வேண்டிய பேச்சுத் தவிர வேறொன்றும் பேசவில்லை. சாயங்காலம் கூடத்தில் பேண்டு பழகுவதும் நின்றுபோனது. யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆறரை மணிக்கு ஜன்னலைத் திறந்தால் பெஞ்சுகள் மட்டும் கிடந்தன. போனில் பதிந்துவைத்ததை அழித்துவிடலாம் என்று எடுத்தேன். அழித்தால் இன்னும் என்ன ஆகுமோ என்று அதற்கும் பயம்.

ஊருக்கே ஓடிவிடலாமா என்று தோன்றியது. அப்பா காலில் விழுந்து, அத்தை மகனையே கட்டிக்கொண்டு, இந்தக் கடல் பக்கமே தலை வைக்காமல் இருந்துவிடலாம். ராஜினாமாக் கடிதம்கூட எழுதிப் பைக்குள் வைத்திருந்தேன்.

தோணி கிளம்பிய பத்தாவது நாள், மதியச் சாப்பாட்டு நேரம். "எந்திரி," என்றாள் அக்கா. பழைய துறைமுகத்தின் கற்சுவர் முடியும் இடத்துக்கு அழைத்துப் போனாள். தோணிகள் பாதி கட்டிக் கிடந்தன. காற்றுக்கு அவள் தன் லேஞ்சித் துணியைத் தலையில் கட்டி, முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். வெயிலில் ஒரு மனுசர் இல்லை.

"பாடு," என்றாள்.

"என்னதுக்கா?"

"அதான். நாலு வரியும். ஆளில்லாம முடிச்சேல்லா? இப்ப ஆளை வச்சு முடி. ஆளு நான். என் பேரைச் சொல்லிட்டுப் பாடு."

நான் மாட்டேன் என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். முத்திரை குத்திக் குத்தி உரமேறின கை.

"அவரு அந்தப் பாட்டுக்கு ஆள் இல்ல, கேட்டியா. அவரு வரணும். வேற ஆளு கெடைச்சிட்டுன்னா அது அவரை விட்டிரும். நான் கரையிலதான் இருக்கேன், என்னைத் தேடி அலைய வேண்டாம். பாடுளா!"

கத்தவில்லை. கெஞ்சினாள். அலுவலகத்தில் மேனேஜரையே 'அங்கன போயி நில்லும்' என்று சொல்லக்கூடிய பொம்பளை, என்னிடம் கெஞ்சினாள். நான் கடலைப் பார்த்து, "ஜெசிந்தா" என்று சொன்னேன். அக்கா என்று சேர்த்துச் சொல்லவில்லை. பிறகு பாடினேன். மூன்று வரி, அப்புறம் என் நாலாவது வரி. காற்று வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. முடித்ததும், ஒரு காகிதத்தைச் சரிபார்த்து முடித்த மாதிரி, "சரி" என்றாள். திரும்பி நடக்கும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அந்த ஒரு வாரத்தில் அன்றுதான் அவளும் டப்பாவைத் திறந்தாள்.

பதின்மூன்றாம் நாள் காலை பத்தே கால் மணிக்குப் போன் வந்தது. எஞ்சின் நின்று, தோணி தெற்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வழியில் போன ஒரு சரக்குக் கப்பல் தண்ணீர் கொடுத்துத் தகவல் சொல்லியிருக்கிறது. இன்னொரு தோணி கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். ஊருக்குத் திரும்பிய ராயப்பன் அண்ணனை நான் பார்த்தபோது, உதடு வெடித்து, தோள் உரிந்து, அடையாளம் தெரியவில்லை. தெருவே அவர் வீட்டு வாசலில் நின்றது. எல்லோரும் அழுதார்கள், சிரித்தார்கள். நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளைத் தேடி அது கிளம்பிவிட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அன்று மாலை அவள் என்னைக் கூப்பிட்டு, என் பையிலிருந்த ராஜினாமாக் கடிதத்தைத் தானே எடுத்து நாலாக மடித்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்கவில்லை. "இதைக் கொண்டுபோயி ஒங்கப்பாகிட்ட குடு. வேலைய விடலைன்னு சொல்லு. பாத்திட்டு வாறேன்னு சொல்லு," என்றாள். "கரையில இருக்கறவங்ககிட்ட எதுக்குளா வீம்பு?" ஐந்தரை ஏரல் பஸ்ஸில் அவளே ஏற்றிவிட்டாள். அப்பா வாசலில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு செம்பு தண்ணீரோடு வந்தார். மிதிக்காதே என்று சொன்ன வாசலைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை.

அதற்குப் பிறகான வருடங்களை நீங்கள் அறிவீர்கள். எங்களை ஒட்டிப் பிறந்தவர்கள் என்று கிண்டல் செய்திருக்கிறீர்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் மாத்திரையோடு போய் நிற்பதையும், அவள் சாலையைக் கடந்தால் நான் கையைப் பிடித்துக்கொள்வதையும் பாசம் என்று நினைத்தீர்கள். பாசம்தான். ஆனால் காவலும்கூட. அவளோ அதை வைத்தே என்னை ஓட்டுவாள். படியில் தடுக்கினால், "ஒம் பாட்டுக்கு என் விலாசம் கெடைச்சிட்டு போல" என்பாள். நான் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

தெருவில் சாவு விழுந்தால் நான் வீட்டுக்குப் போவேன், மாலை வைப்பேன், ஊர்வலத்தில் நடப்பேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றுவிடுவேன். பெட்டி உள்ளே போனதும் திரும்பி விறுவிறுவென்று நடந்துவிடுவேன். நாலாவது வரி என் காதில் விழவே கூடாது. பதினோரு வருடத்தில் ஒரு முறைகூட விழவில்லை. ராயப்பன் அண்ணனின் பெரியம்மா அடக்கத்தில் ஜெசிந்தா அக்கா குழியருகே நின்று சிரித்துவிட்டாள் என்று பெரியவர்கள் அவளைத் திட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தோணி திரும்பி வந்த மறுவருடம் அது. நான் வாசலோடு போய்விட்டதால் பார்க்கவில்லை. மறுநாள் கேட்டதற்கு, "அடுத்த அடக்கத்துக்கு உள்ள வாளா, நீயும் சிரிப்ப" என்றாள். எனக்கு அது நல்ல வார்த்தையாகப் படவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாவுக்கும் அவள் என் கையைப் பிடித்து இழுப்பாள். நான் உதறிக்கொண்டு ஓடுவேன்.

போன வருடம் அவளுக்கு இருமல் தொடங்கியது. உப்புக் காற்று என்றாள். அப்புறம், பழைய காகிதத் தூசி என்றாள். படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருப்பாள். படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரலில் கட்டி இருந்தது. அறிக்கையை அவள் என் மேசையில் வைத்தாள். எப்போதும் சொல்கிற கிண்டலைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பதினோரு வருடத்தில் அந்தக் கிண்டல் வராத முதல் தடவை அது. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முதல் வருடம் ஏரல் பஸ்ஸைப் பார்த்துவிட்டு அழுத அதே இடம்.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் மதியம் கேட்டுவிட்டேன். "நான்தானேக்கா?"

"என்ன நீதானே?"

"நான்தானே ஒங்க பேரைச் சொல்லிப் பாடினேன்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. என்னவோ சொல்ல வாயெடுத்து, அடுத்த அறைப் பக்கம் பார்த்தாள். ராயப்பன் அண்ணன் அங்கே மறுநாள் நடைக்காகத் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். என் கையைத் தட்டி, "என் அடக்கத்துக்காவது உள்ள வா, வாசல்ல நிக்காதே" என்றாள். என் கேள்விக்கு அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். ஆமாம், நீதான் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அடக்கத்தன்று மாலை நாலு மணி. நல்ல வெயில், காற்றே இல்லை. பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பும்போது சூசை அண்ணாச்சி முதல் வரியைத் தொடங்கினார். மூன்று வரியும் திரும்பத் திரும்பத் தெரு முழுக்க வந்தது. ஏக்கம் பிடித்த ஒரு பெண்ணைத் தூங்கவைத்த அதே மூன்று வரி. கல்லறை வாசலில் என் கால் தானாக நின்றது. ராயப்பன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். உள்ளே போனேன்.

பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். மூன்றாவது வரி விளிம்புக்கு வந்து நின்றது. எனக்கு நாலாவது வரி முன்கூட்டியே காதில் கேட்டது. என்னுடையது. இறங்கி, வளைந்து, தொடங்கின இடத்துக்கே திரும்புவது. அதே சத்தம் வெளியே கேட்கப் போகிறது, நான் செய்தது என்னவென்று ஊரறியத் தெரியப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அது இறங்கவில்லை. மூன்றாவது வரி நின்ற இடத்திலிருந்து மேலே போனது. இன்னும் மேலே போய், ஒற்றைச் சுரத்தில் நீண்டு, மெலிந்து, அப்படியே போய்விட்டது. திரும்பவே இல்லை. சூசை அண்ணாச்சிக்கு மூச்சு தீர்ந்த இடத்தில் அது நின்றது. என்னுடைய வரிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் அந்தப் பாட்டை முடிக்கவே இல்லை. ஒரு நாளும் முடித்திருக்கவில்லை. குழியருகே நின்று நான் சிரித்தேனா அழுதேனா என்று பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு ராயப்பன் அண்ணன் சொன்னார். "நீ பாடின அன்னைக்குப் பயத்துல அவளுக்கு எதுவும் காதுல ஏறல. நீ முடிச்சேன்னு சொன்னதுதான் ஏறிச்சு. மறுவருசம் எங்க பெரியம்மா அடக்கத்துல நின்னு கேக்கும்போதுதான் வெளங்கிச்சாம். 'கனி பாடினது போற பாட்டு இல்ல, வாற பாட்டு. ஊருக்குப் போணும்னு தவிச்சிக்கிட்டு இருந்த புள்ளையில்லா, அதைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்து வுட்டுட்டா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

"என்கிட்ட ஏண்ணே சொல்லலை?"

"'சொன்னா நம்ப மாட்டா, சமாதானத்துக்குச் சொல்லுதேன்னு நெனப்பா, காதால கேக்கணும்'னா. பாடிக் காட்டுன்னு சொன்னேன். 'நீரு ஒண்ணு கடல்ல இருக்கீரு, இல்ல கடலுக்குக் கெளம்புதீரு. நான் எப்பம் அதைப் பாட?'ன்னு கேட்டா."

அவள் படுக்கையில் வாயெடுத்து, அடுத்த அறையைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டது எதற்கென்று அப்போது புரிந்தது. நான் மட்டும் ஒரே ஒரு அடக்கத்தில் கடைசி வரை நின்றிருந்தால் போதும், அவளோடு பத்து வருடம் பயமில்லாமல் இருந்திருக்கலாம். இந்த ஆத்திரம் எனக்கு என்மேல் இன்னும் தீரவில்லை. சாகும்வரை அவளைக் காக்க வைத்துவிட்டேன்.

அவளுடைய முத்திரையை அலுவலகம் வைத்துக்கொண்டது. லேஞ்சியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்கள். நான் அவளிடமிருந்து வைத்துக்கொண்டது, நான் பாடியது 'வாற பாட்டு' என்று அவள் கொடுத்த அந்த அர்த்தம்தான். அது எவ்வளவு தாங்கும் என்று தெரியவில்லை. ராயப்பன் அண்ணன் வீட்டில் இருக்க முடியாமல் பத்து நாளைக்கு முன் மறுபடி நடைக்குக் கிளம்பினார். முப்பதாம் நாளுக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். மாலேயிலிருந்து போன் இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் அவர்களிடம் செல்போன் இருக்கிறது, சாட்டிலைட்டில் இடம் காட்டும் கருவி இருக்கிறது என்கிறார்கள். இருந்தும் வரவில்லை. நேற்றிலிருந்து கச்சான் அடிக்கிறது. இதை எழுதும் மேசையில் மண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதுகிறேன்.

பக்கத்து மேசையில் முத்திரை மூடி போட்டு இருக்கிறது. நான் தெரிந்தே பாடுகிறேன். மூன்று வரியையும் பாடி, நாலாவதை விளிம்பிலிருந்து இறக்கி, தொடங்கின இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறேன். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏளா, யாரு செத்தது என்று கேட்க இங்கே ஆள் இல்லை. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குகிறேன்.